டோக்கன் தொலைந்ததா, அலமாரி காலியானதா?

சித்திரைத் திருவிழா நெருங்கினால் மதுரைச் சுங்குடிக் கடைகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கடைக்கு நேரில் வருகிறவர்கள் ஒரு பக்கம். சென்னையிலும் பெங்களூரிலும் துபாயிலும் இருந்தபடி ஃபோனில் பார்த்து வாங்குகிறவர்கள் இன்னொரு பக்கம். கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சுங்குடிக் கடையின் இணையக் கடையை நான் பராமரித்து வருகிறேன். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வாரத்தில் கடைக்கார அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, நாலு சேலை எடுத்து வச்சேன், பணம் கட்டப் போனா ஒண்ணுமே இல்லங்கிறாங்க. காலையில இருந்து மூணு பேர் சொல்லிட்டாங்க. நான் திறந்து பார்த்தா நல்லாத்தான் இருக்கு. என்னான்னு பாருங்க."

நான் திறந்து பார்த்தபோதும் நன்றாகத்தான் இருந்தது. ஒரு சேலையைக் கார்ட்டில் போட்டேன், இன்னொன்றையும் போட்டேன், பணம் கட்டும் பக்கம் வரை போனேன். இரண்டும் அப்படியே இருந்தன.

ஃபோன் செய்து சொன்னவர்கள் மூன்று பேர். சொல்லாமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். கைமுடிச்சா, மெழுகு அச்சா, கரை என்ன நிறம், புள்ளி சிறிதா பெரிதா என்று கண்ணை வைத்துப் பார்த்து நாலு சேலை தேர்ந்தெடுத்த ஒருவர் அதே வேலையை இரண்டாவது தடவை செய்யமாட்டார். அதனால்தான் கார்ட் காலியாகும் கோளாறை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். பக்கம் திறக்கவே இல்லை என்றால் உடனே தெரிந்துவிடும். இது ஓசையில்லாமல் வாடிக்கையாளரை வெளியே அனுப்பிவிடும்.

இந்தக் கோளாறு வந்தால் பெரும்பாலும் நடப்பது என்ன? பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய பக்கங்களை, அதாவது கேஷை, அழிக்கச் சொல்வார்கள். அப்புறம் தளத்தோடு சேர்த்திருக்கும் துணை மென்பொருளான ஒரு பிளக்இன்னை மாற்றுவார்கள். கடைசியில் செஷன் நேரத்தை ஏற்றிவைப்பார்கள். இந்த மூன்றில் ஏதாவது ஒன்று சில நேரம் பலிக்கும், ஏன் பலித்தது என்று தெரியாது. ஒரு மாதம் கழித்துத் திரும்ப வரும். அடியில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை மனதில் வாங்கிக்கொண்டால் இப்படித் தடவிப் பார்க்க வேண்டியதில்லை.

மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும்போது கோபுர வாசலில் செருப்பைக் கொடுத்து டோக்கன் வாங்குகிறோம். வாங்கி வைக்கிறவருக்கு நம் முகம் நினைவிருக்காது, இருக்க வேண்டியதும் இல்லை. டோக்கனில் ஒரு எண் இருக்கிறது, அந்த எண் போட்ட இடத்தில் நம் செருப்பு இருக்கிறது. டோக்கன் நம் கையில், செருப்பு அவருடைய அலமாரியில்.

இணையக் கடையும் இப்படித்தான் இயங்குகிறது. பிரவுசரும், கடைத் தளம் இருக்கும் கணினியான சர்வரும் பேசிக்கொள்ளும் எச்டிடிபி முறைக்கு நினைவு கிடையாது. ஒரு பக்கத்தைக் கேட்டீர்கள், கொடுத்தது, அத்தோடு மறந்தது. அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நீங்கள் புது ஆள். அதனால் முதல் தடவை வரும்போதே சர்வர் ஒரு நீளமான எண்ணை உங்கள் பிரவுசரிடம் கொடுத்துவிடும். அதுதான் குக்கீ, நம் டோக்கன். அந்த எண்ணின் பெயரில் நீங்கள் எடுத்து வைத்த சேலைகளின் பட்டியலைத் தன்னிடம் ஒரு கோப்பிலோ டேட்டாபேஸிலோ வைத்துக்கொள்ளும். அதுதான் செஷன், நம் அலமாரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் பிரவுசர் டோக்கனைக் காட்டும், சர்வர் அலமாரியைப் பார்க்கும்.

குக்கீ பிறந்ததே கார்ட்டுக்காகத்தான். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மோன்டுல்லி என்ற பொறியாளர் அதை உருவாக்கினார். எம்சிஐ என்ற தொலைபேசி நிறுவனத்துக்காக ஒரு இணையக் கடை தயாராகிக்கொண்டிருந்தது. பாதியில் நிற்கும் வாங்கல்களின் விவரத்தைத் தங்கள் சர்வரில் சுமக்க எம்சிஐ விரும்பவில்லை. வாங்குகிறவரின் கணினியிலேயே அதை வைக்க வழி கேட்டார்கள், அதற்குப் பதிலாக வந்தது குக்கீ. ஆனால் போகப் போக ஏற்பாடு மாறிவிட்டது. இன்று பெரும்பாலான கடைகளில் குக்கீயில் எண் மட்டும்தான் இருக்கிறது, சரக்கு விவரம் சர்வரில் இருக்கிறது. நினைவு இரண்டு இடத்தில் பிரிந்து நிற்கிறது. கோளாறும் இரண்டு இடத்திலும் வரலாம்.

எனவே முதல் கேள்வி ஒன்றுதான்: டோக்கன் தொலைந்ததா, அலமாரி காலியானதா?

இதைக் கண்டுபிடிப்பது எளிது. கணினியில் குரோமின் மறைநிலைச் சாளரத்தில் கடையைத் திறந்து, எஃப்12 அழுத்தி, அப்ளிகேஷன் என்ற பகுதியில் குக்கீகளைப் பாருங்கள். பிஎச்பி என்ற கணினி மொழியில் எழுதிய சாதாரணத் தளமாக இருந்தால் பிஎச்பிசெஸ்ஐடி என்ற பெயர் இருக்கும். வூகாமர்ஸ் என்ற ஆயத்தக் கடை மென்பொருளாக இருந்தால் பெயருக்குள் வூகாமர்ஸ் செஷன் என்று வரும் ஒன்று இருக்கும், கார்ட்டில் ஒரு பொருள் போட்ட பிறகுதான் அது தோன்றும். அதன் மதிப்பில் கடைசி நாலைந்து எழுத்தைக் குறித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் போய்ப் பாருங்கள். போகும் வழியில் அந்த மதிப்பு மாறினாலோ காணாமல் போனாலோ டோக்கனில்தான் கோளாறு. மதிப்பு அப்படியே இருந்து கார்ட் மட்டும் காலியானால் அலமாரியில் கோளாறு. உங்கள் கார்ட்டில் நீங்கள் போடாத பொருள் இருந்தால் அது மூன்றாவது வகை, அதற்குக் கீழே வருகிறேன். உள்நுழையும்போது மட்டும் பாதுகாப்புக்காக மதிப்பு மாறுவது சரியான நடைமுறை, அதைக் கோளாறாக எண்ண வேண்டாம்.

டோக்கன் தொலையும் விதங்களில் மிகப் பழையது முகவரிக் குழப்பம். கீழக் கோபுர வாசலில் செருப்பை விட்டுவிட்டுத் தெற்குக் கோபுரம் வழியாக வெளியே வந்து அங்கே டோக்கனை நீட்டினால் என்ன ஆகும்? கோயில் ஒன்றுதான், அலமாரி வேறு. கடையின் முகவரி மூன்று டபிள்யூ போட்டும் திறக்கிறது, போடாமலும் திறக்கிறது என்றால் பிரவுசருக்கு அவை இரண்டு வாசல்கள். ஒரு வாசலுக்கென்று கொடுத்த குக்கீயை அது மற்றொன்றில் காட்டாது. கூகுளில் தேடி வந்தவர் ஒரு வாசலில் நுழைகிறார், பணம் கட்டும் பொத்தானில் யாரோ பழைய முகவரியை எழுதி வைத்திருக்கிறார்கள், அங்கே போனதும் கார்ட் காலி. எஸ் இல்லாத பழைய எச்டிடிபி முகவரிக்கும் எச்டிடிபிஎஸ் முகவரிக்கும் இடையில் தாவும்போதும் இதேதான். செக்யூர் என்று குறித்த குக்கீ பூட்டு இல்லாத பக்கத்துக்குப் போகாது. ஒரே முகவரியை முடிவு செய்து மற்ற எல்லாவற்றையும் அங்கே திருப்பிவிட்டால் இது தீர்ந்தது. ஐந்து நிமிட வேலைதான், ஆனால் நான் பார்த்த கடைகளில் பாதிக்கு மேல் இதைச் செய்திருக்கவில்லை.

அடுத்தது தமிழில் கடை நடத்துகிறவர்களுக்கென்றே வரும் தொல்லை. பிஎச்பி கோப்பில் தமிழ் வார்த்தைகளைச் சேர்க்க ஒருவர் பழைய விண்டோஸின் நோட்பேடில் திறந்து, தமிழ் எழுத்தைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கிறார். அந்த நோட்பேட் கோப்பின் தலையில் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட்டுகளை ஒட்டிவிடும். பாம் என்பது அதன் பெயர். பக்கம் வெளியே போகத் தொடங்குவதற்கு முன்பே, ஹெடர் என்ற முன்குறிப்பில், குக்கீயைக் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. இந்த மூன்று பைட்டும் முந்திக்கொண்டு போய்விடுவதால் 'ஹெடர்கள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று பிழை வரும், டோக்கன் போகாது. சில சர்வர்களில் வெளியீட்டைத் தேக்கிவைக்கும் வசதி இயங்குவதால் பிழை தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், சர்வர் மாற்றும் நாளில் வெடிக்கும். பாம் இல்லாமல் சேமிக்கும் எடிட்டரைப் பயன்படுத்தினால் போதும்.

தமிழ் சார்ந்த இன்னொன்றும் இருக்கிறது. வில்லாபுரம் பக்கம் அப்பளமும் வற்றலும் விற்கிற ஒரு கடையில் எண்ணை மட்டும் வைக்காமல் முழு கார்ட்டையும் குக்கீயிலேயே எழுதியிருந்தார்கள். ஐந்தாறு பொருள் வரை வேலை செய்யும். அதற்கு மேல் சேர்த்தால் சேராது, எந்தப் பிழையும் காட்டாது. காரணத்தைக் கணக்குப் போட்டால் புரியும். ஒரு குக்கீயின் உச்ச அளவு சுமார் 4096 பைட். யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், குக்கீக்காக அதைச் சதவீதக் குறியாக மாற்றும்போது 9 பைட். 'து' என்பது த, உகரக் குறி என இரண்டு குறியீடு; இப்படி எண்ணினால் 'மதுரை சுங்குடி' என்ற இரண்டு சொல்லில் 13 குறியீடுகள். ஒவ்வொன்றுக்கும் 9 என்றால் 117, இடைவெளிக்கு 3, ஆக 120 பைட். ஒரு சின்னப் பெயருக்கே இவ்வளவு. நீளமான பெயர், எடை, விலை, படத்தின் முகவரி எல்லாம் சேர்ந்தால் பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும், அளவு மீறிய குக்கீயைப் பிரவுசர் சத்தமில்லாமல் தள்ளிவிடும். ஆங்கிலப் பெயர்களை வைத்துச் சோதித்தவருக்கு இது கடைசி வரை தெரியாது. குக்கீயில் பொருளின் எண்ணும் எண்ணிக்கையும் போதும், பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும்.

இன்ஸ்டாகிராம் வழியாக விற்கும் கடைகளுக்கு வேறொரு கதை. சுங்குடி வியாபாரத்தில் அது இன்று பெரிய வாசல். இன்ஸ்டாகிராமுக்குள் லிங்கைத் தொட்டால் அந்தச் செயலியே தனக்குள் ஒரு பிரவுசரைத் திறக்கும். அதன் குக்கீப் பெட்டி வேறு, ஃபோனில் இருக்கும் குரோமின் பெட்டி வேறு. அங்கே மூன்று சேலை எடுத்துவைத்த பெண் பணம் கட்டப் போகிறார், யுபிஐ செயலி திறக்க மறுக்கிறது. இப்படி உள்பிரவுசர்களில் அடிக்கடி நடக்கும். சரி என்று 'பிரவுசரில் திற' என்பதைத் தொடுகிறார். குரோம் திறக்கிறது. அவர் கையில் டோக்கன் இல்லை, கார்ட் காலி. இங்கே சர்வரிலோ நிரலிலோ எந்தத் தப்பும் இல்லை. ஆனால் நாம் உதவ முடியும். 'இந்தக் கார்ட்டை எனக்கு அனுப்பு' என்று ஒரு பொத்தான் வைத்து, பொருள் எண்களை மட்டும் தாங்கிய லிங்கை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்ப வைக்கலாம். அந்த லிங்கில் செஷன் எண்ணை மட்டும் வைத்துவிடக் கூடாது. பழைய காலக் கடை மென்பொருள்களில் செஷன் எண் முகவரியிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லிங்கைப் போட்டால் சித்தியும் அத்தையும் ஒரே கார்ட்டில் இறங்கிவிடுவார்கள். டோக்கனையே நகலெடுத்து ஊருக்குக் கொடுத்த மாதிரி. இப்போதைய பிஎச்பியில் அந்த வழி இயல்பாகவே அடைக்கப்பட்டிருக்கிறது.

செஷனை ஐபி முகவரியோடு, அதாவது இணையத்தில் நம் இணைப்புக்குக் கிடைக்கும் எண்ணோடு, கட்டிவைக்கும் பழக்கமும் சில பழைய தளங்களில் உண்டு. பாதுகாப்புக்காகச் செய்தது. வீட்டு வைஃபையில் தொடங்கி மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறி மொபைல் டேட்டாவில் தொடர்கிறவருக்கு ஐபி நிச்சயம் மாறும். இன்று அதை எடுத்துவிடுவதுதான் நல்லது. ஐஃபோன் சஃபாரியில் இன்னொரு வரம்பு: 2019 முதல் ஜாவாஸ்கிரிப்ட் எழுதும் குக்கீகளுக்கு ஆயுள் 7 நாள்தான். சர்வர் நேரடியாகக் கொடுக்கும் குக்கீக்கு இது பொருந்தாது.

சரி, டோக்கன் கையில் இருக்கிறது. அலமாரியைத் திறந்தால் ஒன்றும் இல்லை. அக்காவின் கடையில் நடந்தது இதுதான், கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது.

அது பல வருடம் முன் யாரோ சாதாரண பிஎச்பியில் எழுதிக்கொடுத்த தளம், பல தளங்கள் பங்கிட்டுக்கொள்ளும் மலிவு விலைச் சர்வரில் இருந்தது. பிஎச்பியில் ஒரு செஷனுக்கு இயல்பான ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். கடைசியாகத் தொட்டதிலிருந்து 24 நிமிடம் ஆகிவிட்டால் அது குப்பை என்று கருதப்படும். ஆனால் உடனே அழியாது. துடைப்பக்காரர் வர வேண்டும். அவர் எப்போது வருவார் என்பதைப் பிஎச்பி சீட்டுக் குலுக்கி முடிவு செய்கிறது. ஒவ்வொரு முறை செஷன் தொடங்கும்போதும் 100-க்கு 1 என்ற வாய்ப்பில் அவர் வருவார். நடப்புத் தளங்களுக்கான மாதிரி அமைப்புக் கோப்பில் இது 1000-க்கு 1.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். கூட்டமில்லாத நாளில் நாள் முழுக்கச் சில பத்துப் பக்கங்கள்தான் திறக்கப்படுகின்றன. துடைப்பக்காரர் பெரும்பாலும் வரமாட்டார், இரண்டு மணி நேரம் கழித்து வந்தாலும் கார்ட் அப்படியே இருக்கும். திருவிழா வாரத்தில் நிமிடத்துக்குப் பல பேர் வருகிறார்கள், சில நிமிடத்துக்கு ஒரு தடவை கூட்டிப் பெருக்கப்படுகிறது, 24 நிமிடம் தாண்டிய எல்லாக் கார்ட்டும் போய்விடுகிறது. வியாபாரம் இல்லாதபோது ஒழுங்காக இருந்துவிட்டு, வியாபாரம் சூடு பிடிக்கும்போது மட்டும் கெடும் கோளாறு இது.

பங்கிட்ட சர்வரில் இதைவிட மோசம். எல்லாத் தளங்களின் செஷன் கோப்புகளும் ஒரே தற்காலிக ஃபோல்டரில் விழுகிற மாதிரி அமைத்திருந்தால், அவற்றில் எந்தத் தளம் மிகக் குறைந்த ஆயுளை வைத்திருக்கிறதோ அதன் துடைப்பம்தான் எல்லோருடைய கோப்பையும் அழிக்கும். பிஎச்பியின் கையேடே இதைச் சொல்கிறது. நீங்கள் உங்கள் தளத்தில் ஆயுளை ஒரு நாள் என்று ஏற்றிவைத்தும் பலன் இருக்காது, பக்கத்து வீட்டுத் துடைப்பம் உங்கள் வாசலையும் பெருக்கிவிடும். 'செஷன் நேரத்தைக் கூட்டினேன், ஒன்றும் ஆகவில்லை' என்று சொல்கிறவர்களில் பலர் இங்கேதான் சிக்கியிருப்பார்கள். டெபியன், உபுண்டு என்ற இயங்குதளங்களில் ஓடும் சர்வர்களில் இந்தச் சீட்டுக் குலுக்கலே கிடையாது. அரை மணிக்கு ஒரு தடவை தனியாக ஒரு வேலை ஓடிச் சுத்தம் செய்யும்.

நான் சோதித்தபோது ஏன் நன்றாக இருந்தது? நான் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டேன். சேலை வாங்குகிறவர் இரண்டு நிமிடத்தில் வாங்குவதில்லை. படத்தைத் தங்கைக்கு அனுப்புவார், "இந்த அரக்கு எனக்கு எடுக்குமா?" என்று கேட்பார், தங்கை வேலையில் இருப்பார், அரை மணி கழித்துப் பதில் வரும், இடையில் சோறு வடிப்பார், அப்புறம் வந்து பொத்தானைத் தொடுவார். இணையக் கடைகளைச் சோதிக்கிற நாம் எல்லோரும் அவசரக்காரர்கள். வாங்குகிறவர்கள் நிதானக்காரர்கள். செஷன் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் ஒளிந்திருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிறகு எந்தக் கடையைச் சோதித்தாலும் ஒரு பொருளைக் கார்ட்டில் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் வேறு வேலை பார்த்துவிட்டு வந்துதான் பணம் கட்டுகிறேன்.

அக்காவின் கடைக்கு முதலில் செஷன் கோப்புகளுக்கென்று சொந்த ஃபோல்டர் ஒதுக்கி அன்றைய அவசரத்தைச் சமாளித்தேன். திருவிழா முடிந்ததும் கார்ட்டைச் செஷனிலிருந்தே வெளியே எடுத்துவிட்டேன். டேட்டாபேஸில் தனி அட்டவணை, ஊகிக்க முடியாத ஒரு நீளமான எண் குக்கீயில், 15 நாள் ஆயுள். உள்நுழைவுச் செஷனை நீட்டுவது ஆபத்து, பொது இடத்துக் கணினியில் கணக்குத் திறந்தே கிடக்கும். கார்ட்டை நீட்டுவதில் அப்படி ஒன்றும் இல்லை. இரண்டையும் ஒரே அலமாரியில் வைப்பதுதான் தப்பு.

வூகாமர்ஸ் இந்தப் பிரிவைத் தானாகவே செய்கிறது. அது பிஎச்பி செஷனை நம்புவதில்லை, தன் சொந்த அட்டவணையில் வைக்கிறது, உள்நுழையாமல் வாங்குகிறவர்களுக்கு இயல்பாக 48 மணி நேரம் தருகிறது. அதனால் வூகாமர்ஸ் கடையில் பிஎச்பி செஷன் நேரத்தை ஏற்றுவது பூட்டிய கதவை விட்டுவிட்டு வேறு கதவில் சாவி போடுவது. எந்த மென்பொருள் எங்கே வைக்கிறது என்று தெரியாமல் எந்த எண்ணையும் மாற்றாதீர்கள்.

அலமாரியில் வேறு கோளாறுகளும் உண்டு. டிஸ்க் நிரம்பிவிட்டால் புதுக் கார்ட் எழுத முடியாது. டிஸ்க்கில் இடம் இருந்தும் கோப்புகளின் எண்ணிக்கை வரம்பு முடிந்துவிடலாம், தேடு பொறிகள் அனுப்பும் தானியங்கி நிரல்களான பாட்கள் ஒவ்வொரு வருகைக்கும் ஒரு செஷன் கோப்பைப் பிறப்பித்துக் குவித்திருக்கும். சர்வரில் டிஎஃப் கட்டளையை இடத்துக்கு ஒரு தடவை, கோப்பு எண்ணிக்கையைக் காட்டும் ஐநோடுக்கு ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரியும். கடை வளர்ந்து இரண்டு சர்வர் ஆகும்போது முதல் சர்வரில் வைத்த கார்ட்டை இரண்டாவது சர்வர் அறியாது, ஒரு பக்கத்தில் இருக்கும் அடுத்த பக்கத்தில் இருக்காது. ரெடிஸ் போன்ற பொது இடத்தில் செஷனை வைத்தால் தீரும். உள்நுழைந்ததும் கார்ட் மறைந்தால், விருந்தினராக எடுத்து வைத்ததைக் கணக்கின் கார்ட்டோடு சேர்க்கும் நிரலை யாரோ எழுத மறந்திருக்கிறார்கள்.

இப்போது மூன்றாவது வகை: அடுத்தவர் கார்ட் உங்களுக்குத் தெரிவது. இதைக் கேள்விப்பட்டால் சாப்பிடுகிற கையைக் கழுவிவிட்டு எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். முதலில் சந்தேகப்பட வேண்டியது கேஷ். தளம் வேகமாக இருக்கட்டும் என்று ஒரு பக்கத்தைத் தயாராகச் செய்து வைத்து எல்லோருக்கும் அதையே கொடுப்பது கேஷ். சேலை படங்கள் இருக்கும் பக்கத்துக்கு அது சரி. கார்ட் பக்கத்தையும் பணம் கட்டும் பக்கத்தையும் அப்படிச் செய்து வைத்தால், முதலில் வந்தவரின் பெயரும் முகவரியும் அடுத்து வருகிறவருக்குப் போகும். மோசமான நிலையில் குக்கீ கொடுக்கும் கட்டளையும் சேர்ந்து சேமிக்கப்பட்டு, பத்து பேருக்கு ஒரே டோக்கன் போய்ச் சேரும்.

பெரிய நிறுவனங்களுக்கும் இது நடந்திருக்கிறது. 2015 கிறிஸ்துமஸ் அன்று ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில், ஒரு தாக்குதலைச் சமாளிக்க மாற்றிய கேஷ் அமைப்பில் தவறு நேர்ந்து, ஒருவருடைய கணக்குப் பக்கம் மற்றவர்களுக்குத் தெரிந்தது. சுமார் 34,000 பேரின் பக்கங்கள் அப்படி வெளிப்பட்டிருக்கலாம் என்று அதை நடத்தும் வால்வ் நிறுவனமே பிறகு அறிவித்தது.

எஃப்12-இல் நெட்வொர்க் பகுதிக்குப் போய்க் கார்ட் பக்கத்தின் பதில் ஹெடர்களைப் பாருங்கள். கேஷ் நிலை 'ஹிட்' என்று இருந்தால் அங்கேயே பிடிபட்டது. வூகாமர்ஸில் கார்ட், செக்அவுட், மை அக்கவுண்ட் மூன்று பக்கங்களையும் கேஷிலிருந்து விலக்க வேண்டும். பிளக்இன்னில் விலக்கினால் போதாது, சர்வர் மட்டத்திலும், அதற்கு முன்னால் நின்று பக்கங்களின் நகலைக் கொடுக்கும் சேவையான சிடிஎன்னிலும் பார்க்க வேண்டும். தமிழில் பக்க முகவரியை மாற்றி 'கூடை' என்று வைத்திருந்தால், 'கார்ட்' என்ற பெயரை மட்டும் விலக்கும் விதி உங்கள் பக்கத்தைத் தொடாது. 'உங்கள் செஷன் முடிந்துவிட்டது' என்று செக்அவுட்டில் வரும் செய்தியைப் பார்த்ததும் நேரத்தை ஏற்ற ஓடாதீர்கள். சர்வர் கார்ட்டைக் காலியாகக் கண்டால் அந்தச் செய்தி வரும், பழைய பக்கத்தைக் கேஷ் நீட்டியதும் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

கடைசியாகப் பணம். இங்கே கார்ட் கோளாறு வெறும் எரிச்சலாக நிற்காது, மனிதர்களைப் பயமுறுத்தும்.

2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80 முதல் கூகுள் ஒரு விதியைக் கொண்டுவரத் தொடங்கியது. கொரோனா காரணமாக ஏப்ரலில் நிறுத்திவைத்து ஜூலையில் மறுபடி தொடர்ந்தது. சேம்சைட் என்ற அந்த விதியின்படி, குக்கீயில் வேறு மாதிரி குறிக்காவிட்டால், வேறொரு தளம் ஒரு படிவத்தை உங்கள் கடைக்கு அனுப்பும்போது அதோடு உங்கள் கடையின் குக்கீ போகாது. கள்ளத் தளங்களைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் கடைக்காகப் பணம் வாங்கித் தரும் சேவைகளான பேமென்ட் கேட்வேக்களில் பல, பணம் பெற்ற பிறகு வாங்கியவரைக் கடைக்குத் திருப்பி அனுப்புவது இதே படிவ முறையில்தான். வாங்கியவர் திரும்பி வருகிறார், டோக்கன் வரவில்லை, கடை அவரை அடையாளம் தெரியாமல் 'உங்கள் கார்ட் காலி' என்கிறது. வங்கியிலிருந்து பணம் போன குறுஞ்செய்தி அதற்குள் வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் அவருக்கு வரும் பதற்றத்தை ஃபோனில் கேட்டிருக்கிறேன். சிலர் பயத்தில் இரண்டாவது தடவையும் கட்டிவிடுவார்கள்.

இதிலும் அந்த அவசரக்காரர் கதை உண்டு. சேம்சைட் எதுவும் குறிக்காத குக்கீ பிறந்து இரண்டு நிமிடம் ஆகாமல் இருந்தால் குரோம் விட்டுக்கொடுத்து அனுப்பிவிடும். எழுதியவர் ஒரு நிமிடத்தில் சோதித்து 'நல்லா இருக்கு' என்பார், அரை மணி பார்த்து வாங்கியவருக்குக் கெடும்.

குக்கீயைச் 'சேம்சைட் நன்' என்றும் 'செக்யூர்' என்றும் குறித்தால் இது தீரும். நான் அதைவிட வேறு வழியைப் பரிந்துரைக்கிறேன். பணம் கட்ட அனுப்பும் முன்பே ஆர்டரை டேட்டாபேஸில் எழுதிவிடுங்கள். திரும்பி வரும்போது செஷனைத் தேடாமல் ஆர்டர் எண்ணையும் கேட்வேயின் கையொப்பத்தையும் சரிபாருங்கள். பிறகு சாதாரண லிங்க் மாதிரி நன்றிப் பக்கத்துக்குத் திருப்புங்கள், அங்கே பழைய டோக்கன் தானாக வந்துவிடும். நடுவில் புது டோக்கன் கொடுத்துவிட்டால் பழையது அழிந்துபோகும், அதில் கவனம் வேண்டும். இதோடு வெப்ஹுக்கையும் இயக்க வேண்டும். அது கேட்வேயின் சர்வர் நேரடியாக உங்கள் சர்வருக்குச் சொல்லும் தகவல், வாங்கியவரின் பிரவுசர் நடுவில் இல்லை. யுபிஐ செயலிக்குப் போனவரின் ஃபோனில் சார்ஜ் தீர்ந்து அணைந்தாலும் ஆர்டர் பதிவாகும்.

பணம் எடுக்கப்பட்டுக் கடைக்கு உறுதி வராத யுபிஐ பரிவர்த்தனைகளை நடந்த நாளுக்கு அடுத்த 5 நாளுக்குள் தானாகத் திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. கடைக்காரர்கள் இதைச் சொல்லி வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். செஷன் தொலைந்த விஷயத்தில் அது பொருந்தாது. கேட்வேயின் கணக்கில் பணம் வெற்றிகரமாக வந்துசேர்ந்திருக்கும், தானாகத் திரும்பப் போகாது. கேட்வேயின் பட்டியலையும் ஆர்டர் பட்டியலையும் தினமும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஆர்டர் இல்லாத பணத்தைக் கடைக்காரர்தான் கண்டுபிடித்துத் திருப்ப வேண்டும், அல்லது கூப்பிட்டுச் சேலையை அனுப்ப வேண்டும்.

அக்கா இப்போது கல்லாப்பெட்டிப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறார். யாராவது கார்ட் போச்சு என்று கூப்பிட்டால் நாலு விஷயம் கேட்டு எழுதுகிறார்: எந்த ஃபோன், லிங்கை எதுக்குள்ள திறந்தீங்க, சேலையை எடுத்து வச்சு எவ்வளவு நேரம் ஆச்சு, பணம் போச்சா. போன சித்திரைக்கு அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. 'ஐஃபோன், நைட்டு இன்ஸ்டால எடுத்து வச்சாங்க, காலைல கூகுள்ல தேடி வந்தாங்க, காணோம், பணம் போகல.' அதைப் படித்துவிட்டு நான் கணினியைத் திறக்கவில்லை. இன்ஸ்டா லிங்கையே மறுபடி தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மூன்று சேலையும் அங்கேயே இருந்தன.